நைஜீரிய அரசியல் செய்தியைப் படிக்கும் முறை: எல்லையோர வாசகசாலைகளுக்கு ஒரு வழிகாட்டி

நைஜீரியாவைப் பற்றித் தமிழிலோ மலையாளத்திலோ வரும் செய்திகளில் பெரும்பாலானவை ஒரே வாக்கியத்தில் தொடங்கி அதே வாக்கியத்தில் முடிந்துவிடுகின்றன: வடக்கே முஸ்லிம்கள், தெற்கே கிறிஸ்தவர்கள், நடுவில் ஓயாத சண்டை. இதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. இருந்தாலும், இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்த நாட்டின் ஒரு தேர்தல் முடிவையோ ஒரு கலவரத்தையோ விளக்கப் புகுந்தால் பாதி வழியிலேயே மாட்டிக்கொள்வோம். தமிழக–கேரள எல்லையில் பாலக்காட்டைச் சேர்ந்த கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கத்து வாசகசாலைகளில் உலக அரசியலைப் பற்றிக் கட்டுரை வாசிக்க முன்வருகிறவர்களையும், லாகோஸிலோ கானோவிலோ வேலை பார்க்கும் உறவினர் சொல்லும் செய்தியைச் சரியாகப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்களையும் மனத்தில் வைத்து இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நைஜீரியச் செய்தி எதுவானாலும், சம்பந்தப்பட்டவர் எந்த மதம், எந்த இனம் என்று கேட்பதற்கு முன்னால், அந்த இடம் யாருடையதாகக் கருதப்படுகிறது, அங்கே எது பங்கு போடப்படுகிறது, பங்கு கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்த வரிசையை மாற்றாமல் பின்பற்றினால் இனமும் மதமும் எப்போது, ஏன் அரசியலுக்குள் வருகின்றன என்பது தெளிவாகும்.

முதலில் வரைபடம்

வெள்ளைத் தாளில் நைஜீரியாவின் எல்லையைச் சுமாராக வரைந்துகொண்டு, வடமேற்கிலிருந்து வரும் நைஜர் ஆற்றையும் கிழக்கிலிருந்து வரும் பெனுவே ஆற்றையும் இழுத்து, இரண்டும் லொகோஜா என்ற ஊரில் சேர்ந்து தெற்கே கடலை நோக்கிப் போவதைக் காட்டுங்கள். ஆங்கில ஒய் எழுத்தைப் போன்ற இந்த உருவம் நாட்டை மூன்றாகப் பிரிக்கிறது. மேலே உள்ள பெரும்பகுதியில் ஹவுசா, ஃபுலானி மக்களும் வடகிழக்கு மூலையில் கனூரி மக்களும், இடது கீழ்ப்பகுதியில் யொரூபா மக்களும், வலது கீழ்ப்பகுதியில் இக்போ மக்களும் பெரும்பான்மையினர். ஆங்கிலேயர் 1914இல் வடக்கையும் தெற்கையும் ஒரே காலனியாக இணைத்தார்கள். 1960 அக்டோபர் 1 அன்று விடுதலை கிடைத்தபோது நாடு வடக்கு, மேற்கு, கிழக்கு என்ற மூன்று பிராந்தியங்களாக இருந்தது. ஒவ்வொன்றையும் அதன் பெரிய இனக்குழுவைச் சார்ந்த ஒரு கட்சி ஆண்டது. வடக்கில் அகமது பெல்லோ, மேற்கில் ஒபாஃபெமி அவொலோவோ, கிழக்கில் நம்டி அசிகிவே என்று மூன்று தலைவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டால் விடுதலைக் காலத்து அரசியலின் எலும்புக்கூடு கிடைத்துவிடும்.

அதோடு நின்றுவிடாதீர்கள், ஏனென்றால் இந்த மூன்றுக்கும் வெளியே உள்ளவர்களை விட்டுவிடுவதுதான் மிகப் பரவலான பிழை. நாட்டில் ஐந்நூறுக்கு மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. பெனுவே ஆற்றங்கரையின் டிவ் மக்கள், நைஜர் கரையின் நூப்பே மக்கள், பிளாட்டூ மேட்டுநிலத்துப் பெரோம் மக்கள், கழிமுகத்தின் இஜாவ், ஓகோனி மக்கள், தென்கிழக்கு மூலையின் இபிபியோ, எஃபிக் மக்கள் ஆகியோரை வரைபடத்தில் வேறு வண்ணத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வடக்கின் தென்பாதியாகவும் தெற்கின் வடவிளிம்பாகவும் கிடக்கும் நடுப்பகுதியை அங்கே மிடில் பெல்ட் என்பார்கள். அங்கே வடக்கத்தியராகப் பிறந்து, ஹவுசா மொழியைச் சரளமாகப் பேசி, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். 1966 முதல் 1975 வரை நாட்டை ஆண்ட யாகூபு கோவோன் அத்தகையவர்: வடக்கத்தியர், இராணுவத்தார், கிறிஸ்தவர், சிறிய இனக்குழுவில் பிறந்தவர். முதலில் சொன்ன அந்த ஒற்றை வாக்கியத்தில் இவரை எங்கே வைப்பது?

வரைபடத்தின் இன்னொரு பக்கத்தில் இன்றைய ஆறு மண்டலங்களை எழுதுங்கள்: வடமேற்கு 7 மாநிலங்கள், வடகிழக்கு 6, வடமத்தி 6, தென்மேற்கு 6, தென்கிழக்கு 5, கழிமுகத்தை உள்ளடக்கிய தெற்கு-தெற்கு 6. அரசியலமைப்பில் இந்த மண்டலங்களுக்கு இடமில்லை என்றாலும் கட்சிகள் பதவிகளைப் பகிரும்போது இந்தக் கணக்கைத்தான் பார்க்கின்றன. தென்கிழக்குக்கு மட்டும் ஐந்து மாநிலங்கள் இருப்பது இக்போ மக்களின் நெடுநாள் மனக்குறை. மாநிலக் கணக்கில் ஒன்று குறைந்தால் செனட் இடங்கள் குறைகின்றன, மத்திய நிதியில் பங்கு குறைகிறது, அமைச்சரவையில் ஒரு நாற்காலி குறைகிறது.

மாநிலங்கள் பிறந்த கதை

நம் பகுதியில் எல்லைக் கணக்கு என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1956இல் மொழிவாரியாக மாநிலங்கள் திருத்தப்பட்டபோது கன்னியாகுமரியும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தேவிகுளம், பீர்மேடு, பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாக்கள் கேரளத்திலேயே நின்றன. வடக்கே திருத்தணி 1960இல்தான் இந்தப் பக்கம் வந்தது. அதே பெயருள்ள ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தின் பெரும்பகுதி ஆந்திரத்தோடு இருந்துவிட்டது. இந்தியாவில் மொழிகளுக்கு வீடு கொடுப்பதற்காக எல்லைகள் மாற்றப்பட்டன. நைஜீரியாவின் நோக்கம் ஏறக்குறைய நேர்மாறானது: பெரிய இனக்குழுக்களின் வீடுகளை உடைப்பதற்காக அங்கே எல்லைகள் வரையப்பட்டன. இந்த வேறுபாட்டைக் கேட்பவர்கள் மனத்தில் பதியவைக்க ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவழித்தாலும் தகும்.

காரணம் வடக்குப் பிராந்தியத்தின் அளவு. நிலப்பரப்பில் நாட்டின் முக்கால் பங்கு அதனிடம் இருந்தது. 1959 தேர்தலில் 312 இடங்களில் 174 இடங்கள் அதற்கே ஒதுக்கப்பட்டிருந்தன. ஒரே பிராந்தியம் மற்ற இரண்டையும் சேர்த்து வென்றுவிடக்கூடிய கூட்டாட்சி நீடிக்காது என்ற அச்சம் தெற்கிலும், தெற்கின் கல்வியும் வணிகமும் தங்களை விழுங்கிவிடும் என்ற அச்சம் வடக்கிலும் இருந்தன. 1966 ஜனவரியில் நடந்த இராணுவப் புரட்சியில் பிரதமர் அபூபக்கர் தஃபாவா பலேவாவும் அகமது பெல்லோவும் கொல்லப்பட்டார்கள். புரட்சியை நடத்திய அதிகாரிகளில் பெரும்பாலோர் இக்போ இனத்தவராக இருந்ததால் வடக்கு அதை இனச் சதியாகப் பார்த்தது. ஜூலையில் எதிர்ப்புரட்சி நடந்தது. அந்த ஆண்டு வட நகரங்களில் வாழ்ந்த இக்போ மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். 1967 மே 27 அன்று கோவோன் நான்கு பிராந்தியங்களையும் (1963இல் மேற்கிலிருந்து ஒன்று பிரிந்து மூன்று நான்காகியிருந்தது) கலைத்துப் பன்னிரண்டு மாநிலங்களாக்கினார். மூன்று நாள் கழித்து கிழக்கின் இராணுவ ஆளுநர் ஒடுமெக்வு ஒஜுக்வு கிழக்கைப் பியாஃப்ரா என்ற தனிநாடாக அறிவித்தார். 1970 ஜனவரி வரை நீடித்த அந்தப் போரிலும் அதனால் வந்த பட்டினியிலும் இறந்தவர்கள் பல லட்சம் பேர்.

அந்தப் பன்னிரண்டில் கிழக்கை எப்படிப் பிரித்தார்கள் என்று பாருங்கள். இக்போ மக்களுக்குக் கடலில்லாத ஒரு மாநிலமும், சிறிய இனக்குழுக்களுக்கு இரண்டு மாநிலங்களும் கிடைத்தன. துறைமுகமும் எண்ணெய் வயல்களில் பெரும்பகுதியும் பின்னவற்றில் விழுந்தன. இக்போ ஆதிக்கத்துக்கு அஞ்சிய சிறுபான்மையினருக்கு அது உண்மையான விடுதலை. பியாஃப்ராவின் முதுகெலும்பை முறிக்கும் போர்த்தந்திரமும் அதுவே. ஒரே கோடு இரண்டு வேலையையும் செய்தது என்பதை இங்கே சொல்லிவிட்டுத்தான் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். அதன் பிறகு 1976இல் 19, 1987இல் 21, 1991இல் 30, 1996இல் 36 என்று எண்ணிக்கை ஏறியது. இவை அனைத்தையும் இராணுவ ஆட்சிகளே செய்தன. 1999இல் திரும்பிய மக்களாட்சியில் புதிய மாநிலம் ஒன்றுகூடப் பிறக்கவில்லை.

சான்றிதழ்

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் நேட்டிவிட்டி சர்ட்டிபிகேட்டுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் வில்லேஜ் ஆபீஸ் படியேறியதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தப் பகுதியைப் படிக்கலாம். நைஜீரியாவில் அதைவிட ஒரு படி மேலே போய், ஒருவர் எந்த மாநிலத்தைச் ‘சேர்ந்தவர்’ என்பதை 1999 அரசியலமைப்பே வரையறுக்கிறது: பெற்றோரில் ஒருவரோ தாத்தா பாட்டியரில் ஒருவரோ அந்த மாநிலத்தின் பூர்வீகச் சமுதாயத்தில் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். பிறந்த ஊர், படித்த பள்ளி, வரி கட்டும் நகரம் எதுவும் இதில் கணக்கில் வராது. உள்ளாட்சி நிர்வாகம் கொடுக்கும் பூர்வீகச் சான்றிதழைக் கையில் வைத்திருப்பவர் அந்த மண்ணுக்காரர்; இல்லாதவர் மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்திருந்தாலும் குடியேறியவர்.

இந்தச் சான்றிதழ் ஏன் உயிர்நாடியாக மாறியது? மத்திய அரசின் பதவிகளிலும் வேலைகளிலும் எந்த ஒரு மாநிலமோ இனக்குழுவோ ஆதிக்கம் செலுத்தக் கூடாது என்ற விதி அரசியலமைப்பில் இருக்கிறது. அதைக் கண்காணிக்கத் தனி ஆணையமும் உண்டு. ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் அந்த மண்ணுக்காரர் ஒருவரையாவது அமைச்சராக்க வேண்டும் என்பதால் மத்திய அமைச்சரவை முப்பத்தாறுக்குக் கீழே போவதே இல்லை. மத்திய அரசின் உறைவிடப் பள்ளிகளுக்கான நுழைவு மதிப்பெண் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. மாநில அரசு வேலை, உதவித்தொகை, பல்கலைக்கழகக் கட்டணம் ஆகியவற்றில் மண்ணுக்காரருக்கு ஒரு நியாயம், குடியேறியவருக்கு வேறொரு நியாயம். சிறுபான்மையினரைக் காக்க எழுதிய விதி, ஒவ்வொரு ஊரிலும் புதிய சிறுபான்மையினரை உண்டாக்கிக்கொண்டே போகிறது. நைஜீரிய அரசியலில் நான் மிகவும் கூர்ந்து பார்க்கச் சொல்லும் இடம் இதுதான்.

பெண்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்ட இஃபியோமா ஜோம்போ-ஓஃபோ, பிறப்பால் அனாம்ப்ரா மாநிலத்தவர், கணவர் வழியில் அபியா மாநிலத்தின் பங்கில் வருபவர் என்ற காரணத்தால் பதவியேற்பு நாளில் நிறுத்திவைக்கப்பட்டார். செனட் வரை அந்த விவகாரம் போன பிறகு அவர் பதவியேற்றார். இரண்டுமே இக்போ மாநிலங்கள், இரண்டுமே கிறிஸ்தவப் பெரும்பான்மை மாநிலங்கள் என்பதைச் சேர்த்துச் சொன்னால், இனமும் மதமும் ஒன்றாக இருந்தும் மண் பிரித்துவிட்ட இந்த வழக்கு உங்கள் கட்டுரையின் மையத்தைத் தானாக விளக்கிவிடும்.

தேர்தல் முடிவைப் படிப்பது

குடியரசுத் தலைவர் தேர்தலில் அதிக வாக்குகள் பெற்றால் மட்டும் போதாது. மொத்த மாநிலங்களில் மூன்றில் இரண்டு பங்கில், அதாவது குறைந்தது 24 மாநிலங்களில், கால் பங்கு வாக்குகளையும் பெற வேண்டும். யொரூபா பகுதியை மட்டுமோ வடமேற்கை மட்டுமோ வைத்துக்கொண்டு யாரும் தலைவராக முடியாது என்பதற்காக வைத்த விதி இது. 1979இல் இந்த விதி முதல்முறையாகச் செயல்பட்டபோதே சோதனை வந்தது: அப்போது மாநிலங்கள் 19, அதில் மூன்றில் இரண்டு பங்கு பன்னிரண்டே முக்காலுக்குச் சற்றுக் கீழே! அதிக வாக்குகள் பெற்ற ஷெஹு ஷகாரி 12 மாநிலங்களில் கால் பங்கைத் தாண்டியிருந்தார், பதின்மூன்றாவதான கானோவில் தாண்டவில்லை. கானோவிலும் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் கணக்கிட்டால் போதும் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றமும் தள்ளிவிடாமல் அவொலோவோவின் வழக்கைத் தள்ளியது. 2023இலும் தலைநகர் அபுஜாவில் கால் பங்கு கட்டாயமா என்று ஒரு வழக்கு நடந்து, இல்லை என்று தீர்ப்பானது.

கட்சிகளின் அமைப்பையும் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இனத்தையோ மதத்தையோ குறிக்கும் பெயரையோ சின்னத்தையோ ஒரு கட்சி வைத்துக்கொள்ளக் கூடாது. கேரளத்தில் முஸ்லிம் லீக் என்ற பெயரோடு வெளிப்படையாக ஒரு கட்சி கூட்டணியில் இடம் கேட்டு அமைச்சரவையில் உட்காருவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது விசித்திரமாகத் தோன்றும். சமுதாயக் கணக்கு நைஜீரியாவில் கட்சிகளுக்கு இடையே நடப்பதில்லை. ஒவ்வொரு கட்சிக்கு உள்ளேயும் நடக்கிறது. தலைவர் வடக்கு என்றால் துணைத் தலைவர் தெற்கு, இந்த எட்டாண்டு வடக்கு என்றால் அடுத்த எட்டாண்டு தெற்கு, செனட் தலைவர் இன்ன மண்டலம், கட்சித் தலைவர் இன்ன மண்டலம் என்று எழுதப்படாத பாகப்பிரிவினை ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே நைஜீரியாவில் வாக்குப்பதிவை விட வேட்பாளர் தேர்வைக் கவனிப்பது பலமுறை அதிகப் பயன் தரும்.

அந்தச் சுழற்சியை வைத்துச் சில ஆண்டுகளைப் படித்துப் பழகுங்கள். 1993 ஜூன் 12 தேர்தலில் யொரூபா முஸ்லிமான மொஷூத் அபியோலா, எதிரணியின் பஷீர் டோஃபாவை அவருடைய சொந்த மாநிலமான கானோவிலேயே தோற்கடித்து முன்னிலை பெற்றார். இராணுவத் தலைவர் இப்ராஹிம் பாபங்கிடா தேர்தலையே ரத்து செய்தார். அபியோலா 1998இல் காவலிலேயே இறந்தார். அந்தக் காயத்தை ஆற்றவே 1999இல் இரண்டு அணிகளும் யொரூபா வேட்பாளர்களையே நிறுத்தின. வென்ற ஒலுசெகுன் ஒபசாஞ்சோ தம் சொந்த யொரூபா மாநிலங்களில் தோற்று, மற்றவர்களின் வாக்கில் வந்தார். 2010இல் வடக்கத்தியரான உமாரு யார் அடுவா பதவியிலேயே இறந்து, கழிமுகத்து இஜாவ் இனத்தவரான குட்லக் ஜொனாதன் அந்த இடத்துக்கு வந்து 2011இல் தலைவர் தேர்தலில் நின்றபோது, தங்கள் முறை பறிபோனதாக வடக்கு கருதியது. முடிவு வந்ததும் வட நகரங்களில் நடந்த கலவரத்தில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். 2015இல் முகமது புகாரி ஜொனாதனைத் தோற்கடித்தார். பதவியில் இருக்கும் தலைவர் ஒருவர் வாக்குப்பெட்டியில் தோற்றது அந்த நாட்டில் அதுவே முதல்முறை.

2023 முடிவைத் தனியாக ஒரு பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். வென்ற போலா டினுபு ஏறக்குறைய 88 லட்சம், அத்திக்கு அபூபக்கர் 70 லட்சம், பீட்டர் ஓபி 61 லட்சம் வாக்குகள். டினுபுவும் அத்திக்குவும் தலா 12 மாநிலங்களிலும், ஓபி 11 மாநிலங்களோடு அபுஜாவிலும், நான்காவது வேட்பாளரான ரபியு குவான்குவாசோ கானோவிலும் முதலிடம் பெற்றார்கள். முதலில் யாரும் எதிர்பார்க்கும் பகுதிகளுக்கு வண்ணம் தீட்டுங்கள்: இக்போ இனத்தவரான ஓபிக்குத் தென்கிழக்கு, யொரூபா இனத்தவரான டினுபுவுக்குத் தென்மேற்கின் பெரும்பகுதி, ஃபுலானி இனத்தவரான அத்திக்குவுக்கு வடகிழக்கின் பெரும்பகுதி. பிறகு பொருந்தாத மாநிலங்களைப் பட்டியலிடுங்கள், ஏனென்றால் பாடம் அவற்றில்தான் இருக்கிறது. டினுபுவின் கோட்டையான லாகோஸில் ஓபி சிறு வித்தியாசத்தில் முந்தினார். அந்தப் பெருநகரில் இக்போ மக்களும் கோபத்தில் இருந்த இளைஞர்களும் அதிகம். யொரூபா மாநிலமான ஓசுனும், புகாரியின் சொந்த மாநிலமான கட்சினாவும் அத்திக்குவிடம் போயின. வடமத்தியில் பிளாட்டூவும் நசராவாவும் ஓபிக்குக் கிடைத்தன. அங்கே இக்போ மக்கள் சிறுபான்மையினர், மிடில் பெல்ட் கிறிஸ்தவர்களின் வாக்கு அதில் பெரிது.

பெனுவே மாநிலத்துக்கு வந்து சற்று நில்லுங்கள். கிறிஸ்தவர்கள் மிகப் பெரும்பான்மையாக வாழும் மாநிலம் அது. டினுபு தம்மைப் போலவே முஸ்லிமான போர்னோவின் கஷீம் ஷெட்டிமாவைத் துணைத் தலைவர் வேட்பாளராக அறிவித்ததால் தேவாலயங்களில் பெரும் எதிர்ப்பு எழுந்த ஆண்டு அது. இருந்தும் பெனுவேயில் டினுபுவே மயிரிழையில் முந்தினார். அங்கே அவருடைய கட்சியின் ஆளுநர் வேட்பாளர் ஹயசிந்த் அலியா என்ற கத்தோலிக்கப் பாதிரியார். மக்களிடம் பெரும் செல்வாக்குள்ளவர். மதத்தை வைத்துக் கணக்குப் போட்டவர்களின் வாக்கும் மதத்தின் வழியாகவே வேறு பக்கம் போனது என்றால் மதக் கணக்கு எத்தனை அடுக்குடையது என்று யோசித்துக்கொள்ளலாம். எதிர்க்கட்சியின் பிளவையும் மறக்கக் கூடாது: எட்டாண்டு வடக்கத்தியரான புகாரி ஆண்ட பிறகும் அத்திக்கு என்ற வடக்கத்தியரையே நிறுத்தியதால் தெற்கின் சில ஆளுநர்கள் முறுக்கிக்கொண்டார்கள், ஓபியும் வேறு கட்சிக்குப் போயிருந்தார். பதிவான வாக்காளர்களில் மூன்றில் ஒரு பங்கினர்கூட வாக்களிக்காத தேர்தல் அது என்பதையும் வரைபடத்தின் ஓரத்தில் எழுதிவையுங்கள்.

மதத்தை எங்கே வைப்பது

யொரூபா மக்களிடமிருந்து தொடங்குவது நல்லது. அவர்களில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் பெருமளவில் இருக்கிறார்கள்; ஒரே குடும்பத்தில் இரண்டும் இருப்பது சாதாரணம். டினுபு முஸ்லிம், அவருடைய மனைவி ஒலுரெமி பெந்தேகொஸ்தே சபையின் போதகர். மதமே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் சக்தி என்றால் யொரூபா நிலம் இரண்டாக உடைந்திருக்க வேண்டும்; அப்படி நடக்கவில்லை. வட முஸ்லிம்களையும் ஒரே அணியாகப் பார்க்காதீர்கள். காதிரிய்யா, திஜானிய்யா என்ற சூஃபி வழிகளும் அவற்றை எதிர்த்து 1978இல் ஜோஸில் தொடங்கிய இசாலா இயக்கமும் பல ஊர்களில் எதிரெதிராக நிற்கின்றன. அரசியலிலும், அமீர்கள் எனப்படும் பரம்பரை முஸ்லிம் ஆட்சியாளர்களின் கட்சியை எதிர்த்து ஏழை மக்களின் பெயரால் நின்ற அமீனு கானோவின் வழிவந்தவர்கள் 1979இல் கானோ, கடூனா ஆளுநர் பதவிகளைப் பிடித்தார்கள்.

மதம் நேரடியாகச் சட்டத்தில் மோதிய இடம் ஷரீஆ. அரசுக்கு மதமில்லை என்று அரசியலமைப்பு சொன்னாலும், 1999–2000இல் ஜம்ஃபாரா ஆளுநர் அகமது சானி தொடங்கிவைத்து, பன்னிரண்டு வட மாநிலங்கள் குற்றவியல் சட்டத்துக்கும் ஷரீஆவை விரித்தன. முஸ்லிம்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்றார்கள். ஏறக்குறைய முழுவதும் முஸ்லிம்கள் வாழும் ஜம்ஃபாராவில் அது மோதலாக வெடிக்கவில்லை. வடபாதி முஸ்லிம்களும் தென்பாதி கிறிஸ்தவர்களுமாக உள்ள கடூனாவில் 2000இல் வெடித்தது. காலமும் கவனிக்கத்தக்கது: தெற்கத்தியரான ஒபசாஞ்சோ பதவிக்கு வந்து, வட அதிகாரிகள் இராணுவத்தில் செல்வாக்கை இழந்துகொண்டிருந்த ஆண்டு அது.

கலவரச் செய்தி

ஒரு கலவரச் செய்தி வந்தால் ஊர், மாநிலம், பகை எதைப் பற்றியது, அரசு எந்தப் பக்கம் நின்றது என்பதை முதலில் குறித்துவிட்டு, மதத்தைக் கடைசிக் கட்டத்தில் எழுதும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். பிளாட்டூவின் தலைநகரான ஜோஸில் 2001, 2008, 2010 ஆண்டுகளில் நடந்த கொலைகளை முஸ்லிம்–கிறிஸ்தவக் கலவரம் என்றே உலகம் படித்தது. காலனிக் காலத்துத் தகரச் சுரங்கங்களுக்கு வந்து தங்கிய ஹவுசா குடும்பங்களின் வழிவந்தவர்களும், பெரோம், அஃபிசேரே, அனகுட்டா என்ற பழைய குடிகளும், 1991இல் உருவாக்கப்பட்ட ஜோஸ் வடக்கு உள்ளாட்சி யாருக்கு, பூர்வீகச் சான்றிதழ் யாருக்கு என்று மோதினார்கள். குடியேறியவர்கள் முஸ்லிம்களாகவும் பழைய குடிகள் கிறிஸ்தவர்களாகவும் இருந்ததால் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் எரிந்தன. இந்த வரிசையில் சொன்னால்தான் காரணமும் விளைவும் இடம் மாறாமல் நிற்கும்.

பெனுவேயில் டிவ் உழவர்களுக்கும் ஃபுலானி மேய்ப்பர்களுக்கும் இடையே நிலம், நீர், மேய்ச்சல் வழி பற்றிய சண்டை. 2017இல் திறந்தவெளி மேய்ச்சலை அந்த மாநிலம் தடைசெய்த பிறகு அது இன்னும் கூர்மையானது. அங்கே மதமும் இரு பக்கமாகப் பிரிந்து நிற்பதால் மதப்போர் என்ற விளக்கம் எளிதாக ஒட்டிக்கொள்கிறது. அதே மேய்ப்பர், உழவர் பகையிலிருந்து கிளைத்த ஜம்ஃபாரா கொள்ளைக் கூட்டங்களின் செய்தியை அருகில் வைத்துப் பாருங்கள்: கொல்பவரும் கொல்லப்படுபவரும் பெரும்பாலும் முஸ்லிம்களே. ஆயுத இயக்கமான போகோ ஹராம் மதத்தின் பெயரால் தேவாலயங்களைத் தாக்கியது, 2014 ஏப்ரலில் சிபோக் பள்ளி மாணவியர் 276 பேரைக் கடத்தியது. அதே ஆண்டு நவம்பரில் கானோவின் பெரிய பள்ளிவாசலில் தொழுகைக்கு வந்தவர்கள் குண்டுவெடிப்பில் நூற்றுக்கு மேல் இறந்ததும் அந்த இயக்கத்தின் கணக்கிலேயே எழுதப்படுகிறது. ‘கிறிஸ்தவ இன அழிப்பு’ என்றோ ‘மதத்துக்குச் சம்பந்தமே இல்லை’ என்றோ ஒரே வரியில் முடிக்கும் வாட்ஸ்அப் செய்திகள் இரண்டையும் ஒதுக்கிவிடலாம்.

எண்களில் எச்சரிக்கை வேண்டும். மக்கள்தொகையை வைத்துத்தான் இடங்களும் நிதியும் பிரிகின்றன என்பதால் 1962, 1963, 1973 கணக்கெடுப்புகள் எல்லாமே தகராறில் முடிந்தன. 1973 கணக்கு ரத்தே செய்யப்பட்டது. கடைசியாக 2006இல் எடுத்த கணக்கெடுப்பு 14 கோடி என்றது. அதில் மதத்தையும் இனத்தையும் கேட்கவே இல்லை. ஆகவே முஸ்லிம்கள் இத்தனை சதவீதம், இக்போ மக்கள் இத்தனை சதவீதம் என்று துல்லியமாக வரும் எந்த எண்ணும் மதிப்பீடுதான். கட்டுரையில் ‘ஏறக்குறைய பாதிப் பாதி’ என்று எழுதி நிறுத்திக்கொள்வது கௌரவமானது.

எண்ணெய் வளம் பெருகிய எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நைஜீரியப் பள்ளிகளில் கற்பிக்கப் போன ஆசிரியர்கள் பாலக்காட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பது புத்தகத்துக்கு இணையான பயிற்சி. ‘நைஜீரியா எப்படி சார்?’ என்று பொதுவாகத் தொடங்கினால் பொதுவான பதிலே வரும். எந்த மாநிலம், எந்த ஆண்டு, பள்ளித் தலைமையாசிரியர் எந்த ஊர்க்காரர், வகுப்பில் வெளிமாநிலப் பிள்ளைகள் இருந்தார்களா, அவர்களுக்குக் கட்டணமும் உதவித்தொகையும் எப்படி, பட்டதாரிகளை வேறு மாநிலத்துக்கு ஓராண்டுச் சேவைக்கு அனுப்பும் 1973ஆம் ஆண்டுத் திட்டத்தில் தெற்கிலிருந்து வந்த இளைஞர்களை ஊர் எப்படி நடத்தியது என்று கேளுங்கள். 1982இல் கானோவில் இருந்தவர் இடதுசாரி மாநில அரசைப் பார்த்திருப்பார். அதே ஆண்டு சொகோட்டோவில் இருந்தவர் சுல்தானின் ஊரையும் ஷகாரியின் கட்சியையும் பார்த்திருப்பார். இருவர் சொல்வதும் முரண்பட்டால் ஒன்றைத் தள்ள வேண்டாம். மாநிலத்தையும் ஆண்டையும் பக்கத்தில் குறித்து, இரண்டையும் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.